சிறு ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ்களுக்கான குறைந்தபட்சச் சோதனைக் கருவி: ஓர் ஆய்வு

ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் ஒருவர் எழுதிய நிரலைப் பிறர் எடுத்துத் தம் நிரலோடு இணைத்துக்கொள்ளும் வகையில் கட்டித் தரும் அலகு பேக்கேஜ் எனப்படுகிறது. 2010-இல் தொடங்கிய என்பிஎம் என்னும் பொதுக் கிடங்கில் இத்தகைய பேக்கேஜ்கள் 20 லட்சத்துக்கும் மேல் குவிந்துள்ளன. அவற்றுள் கணிசமானவை ஒரே கோப்பும் ஒன்றிரண்டு ஃபங்ஷன்களும் மட்டுமே கொண்ட மிகச் சிறியவை. புதிய பேக்கேஜைத் தொடங்கும் கட்டளையைக் கொடுத்தால் என்பிஎம் தானாகவே ஒரு விவரக் கோப்பை எழுதித் தருகிறது. அதில் சோதனைக்கென ஒதுக்கிய இடத்தில், சோதனை எதுவும் குறிப்பிடப்படவில்லை என்று அச்சிட்டுவிட்டுத் தோல்வியோடு முடியும் ஒரு கட்டளை வரி இருக்கும். அந்த வரியை அழித்த பிறகு அந்த இடத்தில் எதை வைப்பது, அதற்கு எவ்வளவு பெரிய கருவி தேவை, கருவியைச் சுருக்கிக்கொண்டே போனால் எந்த இடத்துக்குக் கீழே சுருக்கக் கூடாது என்பவையே இங்கு ஆராயப்படுகின்றன.

இக்கேள்வியை ஹைதராபாத்தின் கிழக்குப் பகுதியான உப்பலிலிருந்து பார்ப்பதில் ஒரு பயன் உண்டு. நகரின் மென்பொருள் நிறுவனங்களில் பெரும்பாலானவை மேற்கே மாதாப்பூர், கச்சிபௌலி வட்டாரத்தில் இருக்க, உப்பலில் அவற்றின் சிறு கிளைத் தொகுதி ஒன்று வளர்ந்திருக்கிறது. நாகோலில் தொடங்கி உப்பல் வழியாகச் செல்லும் மெட்ரோ பாதை அமீர்பேட்டைத் தொட்டுக்கொண்டு மேற்கே போகிறது. மென்பொருள் பயிற்சி மையங்களுக்குப் பேர்போன அமீர்பேட்டின் சுவர்களில் ‘டெஸ்டிங்’ என்று எழுதியிருந்தால் அது ஒரு வேலைப் பிரிவின் பெயர்: கையால் சோதிக்கும் முறையையும், 2004-இல் தாட்வொர்க்ஸ் நிறுவனத்தில் பிறந்த செலீனியம் போன்ற உலாவி இயக்கும் கருவிகளையும் கற்றுக்கொண்டு, பிறர் எழுதிய நிரலைச் சோதிக்கும் பணிக்குச் செல்வதை அது குறிக்கிறது. பெருநிறுவனத் திட்டங்களுக்கு இந்த வேலைப் பிரிவினை பொருந்தும். 40 வரிப் பேக்கேஜை எழுதுபவருக்கோ பக்கத்து இருக்கையில் டெஸ்டர் இல்லை. எழுதுபவரும் சோதிப்பவரும் வெளியிடுபவரும் ஒருவரே. ஆகவே சோதனைக் கருவி அவருடைய வேலையை இலகுவாக்குவது மட்டுமன்றி, இல்லாத அந்த இரண்டாவது ஆளின் இடத்தையும் ஓரளவு நிரப்ப வேண்டியிருக்கிறது.

சிறு பேக்கேஜ் என்பதற்கு இந்தியாவில் அன்றாடம் புழங்கும் உதாரணம் ஐஎஃப்எஸ்சி எண்ணைச் சரிபார்க்கும் நிரல். வங்கிக் கிளையைக் குறிக்கும் இந்தக் குறியீடு 11 இடங்கள் கொண்டது. முதல் நான்கும் வங்கியைக் குறிக்கும் எழுத்துகள், ஐந்தாவது எப்போதும் பூஜ்யம், கடைசி ஆறு இடங்கள் கிளைக்குரியவை. பெங்களூரு நிறுவனமான ரேசர்பே, ரிசர்வ் வங்கி வெளியிடும் கிளைப் பட்டியல்களைத் திரட்டி, நோட் (உலாவிக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் சூழல்), பிஎச்பி, ரூபி, கோ முதலிய சூழல்களில் பயன்படும் நூலகங்களோடு திறந்த மூலமாக வெளியிட்டு வருகிறது. அப்படிப்பட்ட தரவு எதுவும் இல்லாமல், வடிவத்தை மட்டும் பார்த்து ‘சரி’ அல்லது ‘தவறு’ என்று சொல்லும் ஃபங்ஷனை எடுத்துக்கொண்டால், அதை எழுத மூன்று வரி போதும். ஆனால் அதற்குரிய சோதனைகள் மூன்று வரியில் அடங்குவதில்லை.

பூஜ்யம் இருக்க வேண்டிய ஐந்தாம் இடத்தில் ஆங்கில ‘ஓ’ எழுத்தைத் தட்டிவிடுவது மிகச் சாதாரணமாக நிகழும் தவறாகையால் அது ஒரு சோதனை. வாட்ஸ்அப்பிலிருந்து நகலெடுத்து ஒட்டும்போது கடைசியில் ஒட்டிக்கொண்டு வரும் இடைவெளி இன்னொன்று. சிற்றெழுத்தில் வந்தால் ஏற்பதா மறுப்பதா என்பது மற்றொன்று. இவை எல்லா மொழிகளுக்கும் பொதுவானவை. ஜாவாஸ்கிரிப்டுக்கே உரிய பொறி ஒன்று இருக்கிறது. எழுத்துக்கோவைகளின் வடிவத்தைப் பொருத்திப் பார்க்கும் ரெகுலர் எக்ஸ்பிரஷனுக்கு ‘ஜி’ என்னும் கொடியைச் சேர்த்துவிட்டு, அதை ஃபங்ஷனுக்கு வெளியே ஒரே முறை உருவாக்கி வைத்துக்கொண்டால், அது கடைசியாகப் பொருந்திய இடத்தை நினைவில் வைத்துக்கொண்டு அடுத்த அழைப்பில் அங்கிருந்தே தேடத் தொடங்கும். விளைவாக, அதே சரியான குறியீட்டை முதல் முறை கொடுத்தால் ‘சரி’ என்றும், உடனே மறுமுறை கொடுத்தால் ‘தவறு’ என்றும் விடை வரும். ஒவ்வொரு உள்ளீட்டையும் ஒரு முறை மட்டும் கொடுத்துப் பார்க்கும் சோதனை எவ்வளவு விலையுயர்ந்த கருவியில் எழுதப்பட்டிருந்தாலும் இப்பிழையைக் காணாது. அதே உள்ளீட்டை அடுத்தடுத்து இரண்டு முறை கொடுக்கும் ஒற்றை வரி கண்டுவிடும்.

ஆதார் எண்ணுக்கான சரிபார்ப்பும் இதே வகையினதே. 12 இலக்கங்களில் கடைசி இலக்கம், நெதர்லாந்துக் கணிதவியலாளர் யாகோபஸ் வெர்ஹூஃப் 1969-இல் வெளியிட்ட முறைப்படி கணக்கிடப்படும் காப்பு இலக்கம்; ஓர் இலக்கம் மட்டும் பிழையாக இருந்தாலும், அடுத்தடுத்த இரு இலக்கங்கள் இடம் மாறியிருந்தாலும் அம்முறை தவறாமல் பிடித்துவிடும். இந்த உறுதியே சோதனைக்கு வழிகாட்டுகிறது: முறைப்படி உருவாக்கிய ஒரு சரியான எண்ணை எடுத்து, 12 இடங்களிலும் மற்ற ஒன்பது இலக்கங்களை மாற்றி வைத்தால் 108 தவறான எண்கள் கிடைக்கும், அவை அனைத்தும் நிராகரிக்கப்பட வேண்டும். இதற்கு ஒன்றனுள் ஒன்றாக இரண்டு சுழல்களும் ஓர் ஒப்பீடும் போதும். எடுத்துக்காட்டுகளைத் தானே உற்பத்தி செய்யும் தனி நூலகம் எதுவும் வேண்டியதில்லை. (எவருடைய உண்மையான ஆதார் எண்ணையும் சோதனைக் கோப்பில் எழுதிப் பொதுவெளியில் ஏற்றக் கூடாது என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, ஆனாலும் அது நடந்துகொண்டுதான் இருக்கிறது.)

இத்தகைய சோதனைகளுக்கு அடிப்படையானது ஒப்பிடும் கருவி. நோட் சூழலோடு தொடக்க காலம் முதல் வரும் அசெர்ட் என்னும் கூறு இரு மதிப்புகளை ஒப்பிட்டு, பொருந்தாவிட்டால் பிழையை எறியும். சமம் பார்க்கும் அதன் பழைய சோதனை தளர்வானது. உப்பலின் அஞ்சல் எண்ணான 500039 எண்ணாக வந்தாலும் எழுத்துக்கோவையாக வந்தாலும் ஒன்றே என்று ஏற்றுக்கொள்ளும். அஞ்சல் எண் பூஜ்யத்தில் தொடங்குவதில்லையாதலால் அங்கே தீங்கு குறைவு. வங்கிக் கணக்கு எண்கள் பூஜ்யத்தில் தொடங்கலாம். எண்ணாக மாற்றிய கணத்திலேயே முன்னால் உள்ள பூஜ்யங்கள் போய்விடும். ஆகவே வகையையும் சேர்த்துப் பார்க்கும் கண்டிப்பான ஒப்பீட்டையே பயன்படுத்த வேண்டும். குறைந்தபட்சக் கருவி எதுவானாலும் தளர்வான ஒப்பீட்டை அது இயல்பானதாக வைத்திருந்தால் அதைத் தவிர்ப்பதே நல்லது.

குறைந்தபட்சம் என்ற எண்ணம் ஜாவாஸ்கிரிப்டில் பிறந்ததன்று. லாரி வால் 1987 டிசம்பரில் பெர்ல் மொழியின் முதல் பதிப்பை வெளியிட்டபோதே அதனுடன் வந்த சோதனை நிரல்கள் ஓர் எளிய உடன்பாட்டைக் கடைப்பிடித்தன: முதல் வரியில் ஒன்று முதல் இத்தனை சோதனைகள் வரப்போகின்றன என்று அறிவிப்பது, பின்னர் ஒவ்வொரு சோதனைக்கும் ‘ஓகே’ அல்லது ‘நாட் ஓகே’ என்று வரிசை எண்ணோடு அச்சிடுவது. பிற்காலத்தில் தாப் என்று பெயர்பெற்ற இந்த உடன்பாடு எந்த மொழியிலும் அச்சிடத் தெரிந்த எந்த நிரலாலும் நிறைவேற்றத்தக்கது. இன்னொரு மரபு கென்ட் பெக் ஸ்மால்டாக் மொழிக்கு எழுதிய எஸ்யூனிட்டிலிருந்து வருகிறது. 1997-இல் அவரும் எரிக் காமாவும் சூரிக்கிலிருந்து அட்லாண்டாவுக்குச் சென்ற விமானப் பயணத்தில் அதை ஜாவாவுக்குக் கொண்டுவந்து ஜேயூனிட்டின் முதல் வடிவத்தை எழுதினர். அந்த மரபில் சோதனைகள் வகுப்புகளாகத் தொகுக்கப்பட்டு, முன்னேற்பாடும் பின்சுத்தமும் கொண்டு, ஒரு நிர்வாகியால் இயக்கப்படுகின்றன. சி மொழிக்கு மின்யூனிட் என்ற பெயரில் எழுதப்பட்ட கருவி வெறும் மூன்று வரி. கருவி இவ்வளவுதான் இருக்க வேண்டும் என்று எண்ணுவோர் இன்றும் சுட்டும் உதாரணம் அது.

ஜாவாஸ்கிரிப்ட் இரண்டு மரபுகளையும் பெற்றுக்கொண்டது. ஜேகுவெரி நூலகத்தின் வட்டத்திலிருந்து கியூயூனிட், 2010-இல் ஜாஸ்மின், 2011-இல் மோக்கா, 2014-இல் ஃபேஸ்புக் வெளியிட்ட ஜெஸ்ட் ஆகியவை நிர்வாகி மரபைச் சார்ந்தவை. சோதனைகளை அடுக்கடுக்காகத் தொகுத்தல், உண்மையானவற்றின் இடத்தில் போலிப் பொருள்களை நிறுத்துதல், முந்தைய வெளியீட்டோடு ஒப்பிடும் ஸ்னாப்ஷாட், மாறிய கோப்பை மட்டும் மீண்டும் ஓட்டுதல் என்று அவை படிப்படியாகப் பெருத்தன. ஜேம்ஸ் ஹாலிடே எழுதிய டேப் மறுபக்கத்தில் நின்று தாப் மரபை அப்படியே எடுத்துக்கொண்டது: உலகளாவிய மாறிகள் இல்லை, தனி இயக்கி இல்லை, சோதனைக் கோப்பு சாதாரண நோட் நிரலாகவே ஓடும். 2020-இல் லூக் எட்வர்ட்ஸ் எழுதிய யூவியூ வேகத்தையும் சிறுமையையும் முதன்மையாக முன்வைத்தது. 2022 ஏப்ரலில் வெளிவந்த நோட் 18-ஆம் பதிப்பில் சோதனை இயக்கி பரிசோதனை நிலையில் நோடுக்குள்ளேயே இடம்பெற்றது. 2023 ஏப்ரலில் 20-ஆம் பதிப்பில் அது நிலையானதாக அறிவிக்கப்பட்டது. எதை நிறுவுவது என்ற கேள்வி அத்துடன் பெருமளவு தீர்ந்துவிட்டதாகத் தோன்றலாம். குறைந்தபட்சம் எது என்ற கேள்வி தீரவில்லை.

ஒரு கருவியிலிருந்து என்னென்னவற்றை நீக்கிய பிறகும் அது சோதனைக் கருவியாகவே நிற்கும் என்று பார்த்தால், ஒப்பிடுதல், ஒரு சோதனை தோற்றாலும் மற்றவற்றைத் தொடர்ந்து ஓட்டுதல், எது தோற்றது என்று தெளிவாகச் சொல்லுதல், இறுதியில் இயக்க முறைமைக்குச் சரியான முடிவு எண்ணைத் திருப்பித் தருதல் ஆகியவை எஞ்சுகின்றன. முடிவு எண் என்பது ஒரு நிரல் முடியும்போது விட்டுச் செல்லும் அடையாளம். பூஜ்யமானால் வெற்றி, வேறு எதுவானாலும் தோல்வி. என்பிஎம்மும் தானியங்கிச் சோதனைச் சேவையகங்களும் இந்த எண்ணை மட்டுமே பார்க்கின்றன. திரையில் சிவப்பு நிறத்தில் என்ன எழுதியிருந்தாலும் முடிவு எண் பூஜ்யமானால் வெளியீடு நடந்துவிடும். வீட்டிலேயே எழுதிக்கொள்ளும் 20 வரிக் கருவிகளில் அடிக்கடி காணப்படும் குறை இதுதான்: பிழையைப் பிடித்து அழகாக அச்சிட்டுவிட்டு, பிடித்துவிட்டதாலேயே நிரலை வெற்றியோடு முடிய விட்டுவிடுகின்றன.

இவை நான்கையும்விட எளிதில் விடுபட்டுப்போவதும், எக்காரணம் கொண்டும் விடக் கூடாததும் ஐந்தாவதான ஒன்று: ஓட வேண்டிய சோதனைகள் எல்லாம் ஓடினவா என்று எண்ணிப் பார்த்தல். ஒரு சோதனை உடனடியாக விடை தராமல், பிராமிஸ் எனப்படும் பின்னர் நிறைவேறும் மதிப்பை எதிர்பார்த்துக் காத்திருக்கலாம். அந்த மதிப்பு ஒருபோதும் வராமலே போனால், காத்திருப்பதற்கு வேறெதுவும் இல்லை என்று கண்ட நோட் அமைதியாக, வெற்றிக்குரிய பூஜ்யத்தோடு முடிந்துவிடும். எதுவும் தோற்கவில்லை, ஏனென்றால் எதுவும் ஓடவில்லை. 2020 அக்டோபரில் வந்த 15-ஆம் பதிப்புக்கு முன்னர், கவனிக்கப்படாமல் நிராகரிக்கப்பட்ட பிராமிஸ்கூட எச்சரிக்கையை மட்டும் அச்சிட்டு நிரலைத் தொடர விட்டது. அந்தக் காலத்தில் எழுதப்பட்ட எத்தனையோ சோதனைகள் தோற்றுக்கொண்டே வெற்றி பெற்றிருக்கும். இன்று நிரல் கோப்புகளை இணைக்கும் புதிய மாடியூல் முறையில் கோப்பின் மேல்நிலையிலேயே காத்திருக்கும் நிரல் முடிவு வராமல் நின்றுபோனால் நோட் 13 என்ற தனி முடிவு எண்ணைத் தருகிறது; ஆனால் காத்திருப்பு ஃபங்ஷனுக்குள் ஒளிந்திருந்தால் இந்தப் பாதுகாப்பும் கிடைப்பதில்லை.

இந்த ஓட்டையை அடைப்பதற்காகவே பெர்லின் பழைய உடன்பாடு எண்ணிக்கையை முதலிலேயே அறிவிக்கச் சொன்னது. டேப் கருவியிலும் ஒவ்வொரு சோதனையும் தனக்குள் எத்தனை ஒப்பீடுகள் நடக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிட முடியும். ஏழு என்று அறிவித்துவிட்டு ஐந்து மட்டும் நடந்தால் அதுவே தோல்வி. சோதனை சேர்க்கும் ஒவ்வொரு முறையும் எண்ணைத் திருத்த வேண்டியிருப்பதைத் தொல்லையாகக் கருதிப் பல கருவிகள் இதைக் கைவிட்டன. ஒத்திசைவற்ற செயல்களால் நிறைந்த ஜாவாஸ்கிரிப்ட் போன்ற மொழியில் அது தவறான சிக்கனம். வேகம், வண்ண வெளியீடு, அழகான வேறுபாட்டுக் காட்சி ஆகியவற்றைக் கொண்டு கருவிகளை ஒப்பிடும் வழக்கத்தைவிட, ஓடாத சோதனையைக் கருவி கண்டுபிடிக்கிறதா என்ற ஒரே கேள்வியைக் கொண்டு ஒப்பிட்டால் பட்டியலின் வரிசை வெகுவாக மாறிவிடும்.

கருவி சிறியதாக இருக்க வேண்டும் என்பதற்கு அழகியலைத் தாண்டிய காரணங்கள் உண்டு. சோதனைக் கருவி, பேக்கேஜைப் பயன்படுத்துவோருக்குப் போய்ச் சேர்வதில்லை. உருவாக்க நேரச் சார்பாக எழுதியவரின் கணினியிலும் சேவையகத்திலும் மட்டும் நிறுவப்படுகிறது. அதனால் அதன் எடையைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை என்பது நெடுநாள் வாதம். ஆனால் ஜெஸ்ட் போன்ற கருவியை நிறுவினால் அதன் சார்புகளும், சார்புகளின் சார்புகளுமாக நூற்றுக்கணக்கான பேக்கேஜ்கள் வந்திறங்குகின்றன. 2018 ஜூலை 12 அன்று, நிரலின் நடையைச் சரிபார்க்கும் கருவிக் குடும்பத்தைச் சேர்ந்த ஈஎஸ்லின்ட்-ஸ்கோப் என்னும் பேக்கேஜின் 3.7.2 பதிப்பு, பராமரிப்பாளர் ஒருவரின் கணக்கு களவாடப்பட்டதால் தீய நிரலோடு வெளியானது. நிறுவியவரின் கணினியிலிருந்து அவருடைய என்பிஎம் நுழைவுச் சாவியைத் திருடி அனுப்புவதே அதன் வேலை. உருவாக்குபவரின் கணினியில்தான் வெளியிடும் உரிமை இருக்கிறது; ஆகவே பயனருக்குப் போகாத கருவியே திருடனுக்கு மிகவும் வேண்டிய வாசல் ஆயிற்று. 2025 செப்டம்பரில் சாக், டீபக் முதலிய, ஏறத்தாழ எல்லாக் கருவிகளின் அடியிலும் கிடக்கும் பேக்கேஜ்கள் ஏமாற்று மின்னஞ்சல் வழியாகக் கைப்பற்றப்பட்டபோது இத்தகைய சார்புகளின் ஆபத்து மீண்டும் உறுதியானது. சாக் செய்வது முனையத்தில் எழுத்துக்கு நிறமூட்டுவது; சோதனை முடிவைப் பச்சையாகவும் சிவப்பாகவும் காட்டுவதற்கு இவ்வளவு ஆபத்தை ஏற்க வேண்டுமா என்பது நியாயமான கேள்வி.

சிறியது என்றும் சிறியதாகவே இருக்கும் என்ற உறுதியும் இல்லை. டேப் தொடக்கத்தில் எளிமையின் அடையாளமாக விளங்கியது. மிகப் பழைய நோட் பதிப்புகளிலும் தொடர்ந்து ஓட வேண்டும் என்ற பராமரிப்புக் கொள்கையால், பழைய பதிப்புகளில் இல்லாத வசதிகளை ஈடுகட்டும் பேக்கேஜ்கள் ஒவ்வொன்றாக அதன் சார்புகளில் சேர்ந்தன. எதையும் கைவிடாமலிருப்பது ஒரு நற்பண்பு. அதன் விலை இப்படி வேறிடத்தில் வந்து நிற்கிறது.

சிறு பேக்கேஜ் உடைந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2016 மார்ச்சில் கிடங்கிலிருந்து நீக்கப்பட்டு உலகெங்கும் உருவாக்கப் பணிகளை நிறுத்திய 11 வரி லெஃப்ட்-பேட் பேக்கேஜையே எல்லாரும் எடுத்துக்காட்டுவர். சோதனையைப் பொறுத்தவரை அதிலிருந்து கற்க அதிகமில்லை. அந்த நிரலில் பிழை இல்லை. 2020 ஏப்ரல் 25 அன்று நிகழ்ந்த இஸ்-பிராமிஸ் விவகாரமே ஆழ்ந்து பார்க்கத்தக்கது. கொடுக்கப்பட்ட மதிப்பு பிராமிஸா இல்லையா என்று சொல்லும் இந்தப் பேக்கேஜின் சாரம் ஒரே வரி. அதன் 2.2.0 பதிப்பில் புதிய மாடியூல் முறைக்கு ஆதரவு சேர்க்கப்பட்டது. நிரல் வரியில் எந்தத் தவறும் நேரவில்லை. எந்தக் கோப்பை எந்த வழியில் எடுத்துத் தர வேண்டும் என்று விவரக் கோப்பில் அறிவிக்கும் பகுதியில், பாதைகளின் முன்னால் இருக்க வேண்டிய ‘இந்த அடைவு’ என்பதைக் குறிக்கும் புள்ளியும் சாய்கோடும் விடுபட்டிருந்தன. மேலும், அந்தப் பகுதி இருந்தாலே அதில் பெயர் சொல்லாத கோப்புகள் வெளியாருக்கு மூடப்பட்டுவிடும் என்பதால், முன்பு உள்ளே புகுந்து நேராகக் கோப்பை எடுத்துக்கொண்டிருந்தவர்களுக்கும் வழி அடைபட்டது. ரியாக்ட் செயலிகளைத் தொடங்கிவைக்கும் கிரியேட் ரியாக்ட் ஆப் உட்பட எத்தனையோ கருவிகள் நின்றுபோயின. சில மணி நேரத்தில் திருத்தப் பதிப்புகள் வந்தன.

அந்தப் பேக்கேஜுக்குச் சோதனைகள் இருந்தன; அவை வெற்றியும் பெற்றன. அவை சோதித்தது எழுதியவரின் அடைவில் கிடந்த கோப்பை. பயனருக்குப் போனது என்பிஎம் கட்டிய பொதி. இந்த இடைவெளியை மோக்காவோ ஜெஸ்டோ யூவியூவோ நோடின் உள்ளமைந்த இயக்கியோ எதுவும் இயல்பாக மூடுவதில்லை. மூடுவதற்கு வேண்டியது எளிது: வெளியிடாமலே பொதியைக் கட்டிப் பார்க்கும் என்பிஎம் கட்டளையால் சுருக்கக் கோப்பை உருவாக்கி, வெறும் அடைவொன்றில் அதை நிறுவி, பழைய முறையில் ஒரு தரமும் புதிய முறையில் ஒரு தரமும் இழுத்துப் பார்ப்பது. ஒப்பீட்டு ஃபங்ஷன்கள் 50 வைத்திருக்கும் கருவியைவிட, இந்த நான்கு படிகளைத் தானே செய்யும் கருவி சிறு பேக்கேஜ் எழுதுவோருக்குப் பயன்படும். நூறு வரிக்குக் குறைந்த பேக்கேஜ்களில் நிரலைவிட விவரக் கோப்பே பிழைக்கு அதிக இடம் தருகிறது. சோதனை என்றாலே நிரலைச் சோதிப்பது என்ற பழக்கத்தால் இது கண்ணில் படுவதில்லை.

இந்தியாவிலிருந்து எழுதுவோருக்கு நேரம் தனியான சிக்கல். உப்பலில் உள்ள கணினி உலகப் பொது நேரத்துக்கு ஐந்தரை மணி முன்னே ஓடுகிறது. தானியங்கிச் சோதனைச் சேவையகங்கள் பெரும்பாலும் பொது நேரத்திலேயே ஓடுகின்றன. உள்ளூர் நேரப்படி 2024 ஜனவரி 1 நள்ளிரவை உருவாக்கி அதைச் சர்வதேச வடிவில் எழுதச் சொன்னால், உப்பல் கணினி 2023 டிசம்பர் 31, 18:30 என்று எழுதும். இந்த வடிவின் முதல் பத்து இடங்களை வெட்டி எடுத்து ‘இன்றைய தேதி’ என்று தரும் ஃபங்ஷன் பல நிரல்களில் உண்டு. நள்ளிரவு முதல் காலை ஐந்தரை வரை அது நேற்றைய தேதியைத் தரும். பகல் பத்து மணிக்குச் சோதனையை ஓட்டுபவருக்குப் பிழை தெரியாது. பொது நேரத்தில் ஓடும் சேவையகத்திலோ எந்த மணிக்கு ஓட்டினாலும் தெரியாது. இருவரும் பச்சை விளக்கைப் பார்த்துவிட்டு வெளியிட, இரவுப் பணியில் இருக்கும் பயனர் மட்டும் தவறைக் காண்பார். நேரப் பகுதியைக் குறிக்கும் சூழல் மாறியைக் கொல்கத்தா நேரத்துக்கு மாற்றி ஒரு முறை, பொது நேரத்துக்கு மாற்றி ஒரு முறை என்று அதே சோதனையை ஓட்டுவதும், தேதியை ஃபங்ஷனே பார்த்துக்கொள்ளாமல் உள்ளீடாகப் பெறுமாறு எழுதுவதும் இதற்குப் போதிய மருந்து.

எழுத்தைக் கையாளும் பேக்கேஜ்களில் கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும். ‘உப்பல்’ என்ற தமிழ்ச் சொல்லின் நீளத்தைக் கேட்டால் ஜாவாஸ்கிரிப்ட் 6 என்கிறது; புள்ளிகளைத் தனியாக எண்ணுவதே காரணம். வாசகர் காணும் எழுத்துகள் நான்கு. மொழிவாரியாகப் பிரித்துத் தரும் செக்மென்டர் என்ற உள்ளமைந்த கூறு அவ்வாறே நான்கு என்று தருகிறது. அதே ஊர்ப் பெயரைத் தெலுங்கு எழுத்தில் எழுதினாலும் நீளம் 6தான். ஆனால் 2023-இல் வந்த யூனிகோட் 15.1 பதிப்பின் விதி, ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதப்படும் தெலுங்கு மெய்களை ஒரே எழுத்தாகச் சேர்த்து எண்ணச் சொல்கிறது. தமிழை அவ்விதி தொடவில்லை. அதன்படி தெலுங்கில் எண்ணிக்கை மூன்று. எந்த யூனிகோட் பதிப்பைக் கொண்ட சூழலில் சோதனை ஓடியது என்பதே விடையை மாற்றிவிடக்கூடிய இடம் இது. ‘கொ’ என்பதை ஒரே உயிர்க்குறியோடும் இரண்டாகப் பிரிந்த குறிகளோடும் உள்ளிட முடியும். கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இரண்டையும் கண்டிப்பான ஒப்பீடு வேறு என்றே சொல்லும். ஒப்பிடுமுன் யூனிகோட் முறைப்படி இயல்பாக்கிக்கொள்ளாத தேடல் பேக்கேஜ் தமிழில் பாதிச் சொற்களைத் தவறவிட்டாலும் அதன் சோதனைகள் ஆங்கிலச் சொற்களோடு ஆனந்தமாக ஓடிக்கொண்டிருக்கும். 2019-இல் வந்த 13-ஆம் பதிப்பு வரை நோடில் எல்லா மொழித் தரவும் இயல்பாக இணைக்கப்படாததால், எண்ணையும் தேதியையும் இந்திய முறையில் வடிவமைக்கும் சோதனைகள் உலாவியில் ஒரு விடையும் நோடில் வேறு விடையும் தந்த காலமும் இருந்தது.

குறைந்தபட்சக் கருவியால் ஆகாதவையும் உண்டு. உலாவியின் பக்கத்தை மாற்றும் நிரலுக்கு உலாவி வேண்டும். நூறு கோப்புகள் கொண்ட திட்டத்தில் போலிப் பொருள்களும் இணையாக ஓட்டும் வசதியும் ஆடம்பரமல்ல. ஜெஸ்ட் அந்த அளவுக்காகவே எழுதப்பட்டது, 2022-இல் ஓப்பன்ஜேஎஸ் அறக்கட்டளைக்கு மாறிய பின்னும் அந்த அளவிலேயே சிறந்து நிற்கிறது. ஸ்னாப்ஷாட் முறை பற்றி மட்டும் தயக்கம் தேவை: எது வந்ததோ அதையே சரி என்று பதிந்துகொள்ளும் அம்முறையில், என்ன வர வேண்டும் என்று யோசிக்க வேண்டிய கட்டாயம் எழுதுபவருக்கு இல்லாமல் போகிறது, சிறு பேக்கேஜில் அந்த யோசனையே சோதனையின் பாதிப் பயன்.

எந்தக் கருவிக்கும் எட்டாத வகை ஒன்றை ஐஎஃப்எஸ்சி எண்ணே காட்டுகிறது. 1923-இல் மசூலிப்பட்டினத்தில் தொடங்கி ஹைதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த ஆந்திரா வங்கி, 2020 ஏப்ரல் 1 அன்று கார்ப்பரேஷன் வங்கியோடு சேர்ந்து யூனியன் வங்கியில் இணைக்கப்பட்டது. அதன் பழைய குறியீடுகள் 2021 மார்ச் 31 வரை செல்லுபடியாகி, மறுநாள் முதல் செல்லாமல் போயின. அந்த வங்கியின் நான்கு எழுத்துகளில் தொடங்கும் குறியீடு 11 இடங்களும் ஒழுங்காக அமைந்து, ஐந்தாவது இடத்தில் பூஜ்யத்தோடு, வடிவச் சோதனை அனைத்திலும் இன்றும் தேறும். பணம் மட்டும் போய்ச் சேராது. நிரல் மாறவில்லை, சோதனை மாறவில்லை, உலகம் மாறிவிட்டது. ஆகவே தரவைச் சுமக்கும் பேக்கேஜில் இரு வகைச் சோதனைகளைப் பிரித்து வைப்பதே முறை: நிரல் மாறும்போதெல்லாம் இணையத் தொடர்பின்றி ஓடும் வடிவச் சோதனைகள் ஒரு பக்கம், நிரல் மாறாவிட்டாலும் குறிப்பிட்ட கால இடைவெளியில் தாமாக ஓடி, ரிசர்வ் வங்கியின் புதிய பட்டியலோடு ஒத்துப்பார்க்கும் சோதனைகள் மறுபக்கம். இரண்டையும் கலந்தால், வங்கியின் தளம் ஒரு நாள் எட்டாமல் போனதற்காக நல்ல நிரலும் சிவப்பு காட்டும். அப்படிச் சிவப்பைப் பார்த்துப் பழகியவர்கள் உண்மையான சிவப்பையும் கடந்துபோவார்கள்.

நோடின் உள்ளமைந்த இயக்கி நிலைபெற்ற பிறகு, நோடில் மட்டும் ஓடும் புதிய சிறு பேக்கேஜுக்கு அதைத் தவிர வேறொன்றை நிறுவச் சொல்லக் காரணம் அரிது. சார்பு எதுவும் சேராது. தாமதச் செயல்களைக் கவனிக்கிறது. முடிவு எண்ணைச் சரியாகத் தருகிறது. முதன்முதலில் வந்தபோது முடிவுகளைத் தாப் வடிவிலேயே அச்சிட்டதும் கவனிக்கத்தக்கது. எண்ணிக்கையை முன்னறிவிக்கும் வசதி அதில் பின்னர்தான் சேர்ந்தது. ஆனால் நோடைப் போன்ற மற்றொரு சூழலான டெனோவுக்குத் தனி இயக்கி உண்டு. 2023 செப்டம்பரில் 1.0 பதிப்பை எட்டிய பன் என்னும் சூழல் ஜெஸ்டின் எழுத்து முறையை ஏற்றுக்கொண்டது. மூன்றிலும் உலாவியிலும் ஓட வேண்டிய பேக்கேஜை எழுதுபவர் ஒரு சூழலின் இயக்கியோடு சோதனைகளைப் பிணைத்துவிட்டால் மற்றவற்றில் அவற்றை ஓட்டவே முடியாது. அவருக்கு எஞ்சும் வழி, எந்தச் சூழலையும் சாராத சாதாரண ஃபங்ஷன்களாகச் சோதனைகளை எழுதி, எத்தனை ஓட வேண்டும் என்ற எண்ணையும் கோப்பின் தலையில் எழுதி, ஒவ்வொரு சூழலிலும் அவற்றை அழைக்கும் சில வரிகளை மட்டும் தனித்தனியே வைத்துக்கொள்வது. ஏறத்தாழ பெர்லின் முதல் பதிப்போடு வந்த நிரல்கள் செய்ததும் அதையே.